தலைவலிக்கும் ஜாதகம் உண்டு!

(மாணவி, மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள். காய்ச்சலாவது பரவாயில்லை நண்பர்களே! தெர்மாமீட்டரை வைத்தால் 101 என்று காட்டிவிடும். வீட்டுக்குப் போக அனுமதியும் கிடைத்துவிடும். தலைவலிக்கு எந்த மீட்டரும் கிடையாது. வெர்னியர் காலிப்பர் வைத்தும் அளக்க முடியாது, மைக்ரோமீட்டர் வைத்தும் அளக்க முடியாது. "சார், தலை வலிக்குது" என்று சொன்னால், நம் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபைலிங் பண்ண கஷ்டமா இருக்கா?" என்று கேட்பார்கள். அறுபது பேர் உள்ள வகுப்பில் நான்கே நான்கு பெண்களில் ஒருத்தியாக இருந்தால், இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சிரிப்போடு வரும்.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து நன்றாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான் என்று தோன்றியது. நான் டாக்டர் அல்ல. நோயாளி! பல வருட அனுபவம் உள்ள நோயாளி. கூடவே, வைத்தியம் தெரிந்த அம்மிச்சி ஒருத்தியின் பேத்தி. அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் ஒரு வேடிக்கை. தலை வலிக்கிறது என்கிறோமே, அந்தத் தலைக்குள் இருக்கும் மூளைக்கு வலியே தெரியாது! உடம்பில் எங்கே குத்தினாலும் மூளைக்குத்தான் தகவல் போகிறது. ஆனால் மூளையின் சதையில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. அதனால்தான் சில மூளை அறுவைச் சிகிச்சைகளை நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்கிறார்கள். பிறகு எது வலிக்கிறது? மூளையைச் சுற்றியுள்ள உறை, அதிலுள்ள ரத்தக் குழாய்கள், மண்டைக்கு வெளியே உள்ள தசைகள், பிடரி, கண், பல், மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகள். நம் பாஷையில் சொன்னால் மோட்டாருக்குள் காயில் சும்மா இருக்கிறது, சத்தம் போடுவதெல்லாம் பேரிங்கும் பாடியும்தான்.

எல்லா நோவுக்கும் "தலைவலி" என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம். ஒர்க்ஷாப்பில் எல்லா இரும்பையும் "இரும்பு" என்று சொன்னால் இன்ஸ்ட்ரக்டர் விடுவாரா? எம்.எஸ்.ஸா, காஸ்ட் அயர்னா என்று கேட்பார் அல்லவா? தலைவலிக்கும் அப்படி உண்டு. 1988-ல் சர்வதேசத் தலைவலிச் சங்கத்தார் முதல்முறையாக எல்லாவற்றையும் வகை பிரித்துப் பட்டியல் போட்டார்கள். 2018-ல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் முதல் பிரிவினையே நமக்குப் போதும். தலைவலியே நோயாக இருப்பது ஒன்று. வேறு ஏதோ கோளாறு, தலைவலி என்ற மணியை அடிப்பது இன்னொன்று.

நம் ஹாஸ்டலில் அதிகம் உலவுவது டென்ஷன் தலைவலி. தலையைச் சுற்றி இறுக்கமாக ஒரு துண்டைக் கட்டியது போல, இரண்டு பக்கமும் வலிக்கும். விண் விண் என்று தெறிக்காது. நடந்தாலும் படியேறினாலும் கூடாது. அரைமணி நேரத்திலும் போகலாம், ஏழு நாளும் இழுக்கலாம். டிராயிங் ஹாலில் மூன்று மணி நேரம் மினி டிராஃப்டரின் மேல் கவிழ்ந்து கிடந்துவிட்டு, ராத்திரி அதே கழுத்தோடு செல்போனைக் குனிந்து பார்த்தால் வராமல் என்ன செய்யும்? தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் முதுகெலும்பு தாங்கும். குனிந்தால் பிடரித் தசைகள்தான் கயிறு போல இழுத்துப் பிடிக்க வேண்டும். மெக்கானிக்ஸில் 'மொமெண்ட்' படித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்குத்தான் நாட்டு வைத்தியம் அருமையாகக் கேட்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பிடரியில் போடுங்கள். தோளை மெதுவாகச் சுழற்றுங்கள், கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்து விடுங்கள், கொஞ்ச தூரம் நடங்கள். பாதி போய்விடும். தைலம் தேய்ப்பதும் சும்மா அல்ல. நம் பாட்டன் காலத்து அமிர்தாஞ்சன், காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் ஆரம்பித்தது. இதுபோன்ற தைலங்களில் உள்ள கற்பூரமும் புதினா உப்பும் தோலில் குளிர்ச்சியும் காந்தலும் உண்டாக்கும். அந்த உணர்ச்சி முந்திக்கொண்டு போய் வலியை அமுக்கிவிடுகிறது. ஜெர்மனியில் 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியில் தடவிப் பார்த்து 1996-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டென்ஷன் தலைவலிக்கு அது 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு இணையாக வேலை செய்தது என்று கண்டார்கள். அம்மிச்சியிடம் சொன்னேன். "இதுக்குப் போயி ஜெர்மனிக்காரன் வேணுமாக்கும்?" என்றாள்.

ஒரே ஒரு விஷயம். போர்டைப் பார்த்தால் எழுத்து கலங்கி, சாயங்காலமானால் புருவத்துக்கு மேல் வலித்தால், தைலத்துக்குச் செலவு செய்யும் காசில் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் இரண்டு செமஸ்டர் தைலம் தடவினான். கண்ணாடி போட்டதும் தைலமும் போச்சு, தலைவலியும் போச்சு.

இனி என் சொந்தச் சரக்குக்கு வருகிறேன். ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் என்கிறார்களே, அது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம், நெற்றிப்பொட்டில், நாடித் துடிப்போடு சேர்ந்து சம்மட்டி அடிக்கும். குமட்டும். வெளிச்சமும் சத்தமும் எதிரிகள். மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படியும் மண்டையில் இறங்கும். மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை!

எனக்கு இது வருவதற்கு முன்னால் சகுனம் ஒன்று காட்டும். எல்லோருக்கும் காட்டாது. முதல் வருடம் இன்ஜினியரிங் டிராயிங் பரீட்சை. ஃபிளாஞ்சுக்கு முகப்புத் தோற்றம் போட்டுவிட்டு மேல் தோற்றத்துக்குக் கோடு இறக்குகிறேன், தாளில் ஒரு சின்னப் புள்ளி மினுங்குகிறது. ஒளிபட்டதாக்கும் என்று கண்ணைக் கசக்கினேன். புள்ளி வளர்ந்தது. பிறை போல வளைந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல் போல நெளிநெளியாக மின்ன ஆரம்பித்தது. பிறைக்குள்ளே ஒன்றுமே இல்லை. கறுப்பு அல்ல, வெள்ளை அல்ல, வெறும் இல்லாமை. என் ஃபிளாஞ்சில் பாதியைக் காணோம்! ஸ்கேலை வைத்தால் ஸ்கேலில் பாதியைக் காணோம். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "கண்ணு தெரியலையா? பக்கத்துல பார்க்க மட்டும் தெரியுமே" என்றார். கால்மணி நேரத்தில் பிறை நகர்ந்து நகர்ந்து ஓரமாகப் போய் மறைந்தது. பிறகு வலி வந்தது. வராந்தா ஓரமாக வாந்தி எடுத்துவிட்டு வந்து தாளைக் கட்டிக் கொடுத்தேன். என் மார்க் ஷீட்டில் உள்ள ஒரே அரியர் அந்தப் பிறை போட்ட கையெழுத்து.

பிற்பாடு படித்தபோது ஒரு செய்தி கிடைத்தது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியல் அறிஞருக்கும் இதே பிறை வருமாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அது ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு நகர்கிறது என்று படம் போட்டு வைத்தார். அதிலிருந்து கணக்குப் போட்டு, மூளையின் பின்பக்கத்தில் ஏதோ ஒரு கலக்கம் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941-ல் எழுதினார். நம் லேத்தில் ஃபீடு இதைவிட வேகம்! 1944-ல் லியாவோ என்ற பிரேசில் நாட்டு விஞ்ஞானி முயலின் மூளையில் அதேபோல ஊர்ந்து பரவும் அலையை நேரிலேயே கண்டு எழுதினார். அதைப் படித்த அன்று எனக்கு ஒரு ஆறுதல். நான் சாக்குச் சொல்லவில்லை. வேகம் கூட அளந்து வைத்திருக்கிறார்கள்!

அம்மிச்சியின் வைத்தியத்தில் எது இதற்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. இருட்டறையில் படுக்கவைத்து ஈரத்துணியை நெற்றியில் போடுவாள். கேட்கும். "ஏஞ்சாமி, வயித்தைக் காயப் போடாதே" என்பாள். நூற்றுக்கு நூறு உண்மை. காலைச் சாப்பாட்டை விட்டால் மத்தியானம் எனக்குச் சம்மட்டி நிச்சயம். சுக்குமல்லிக் காப்பி கொடுப்பாள். குமட்டல் அடங்கும். ஈரானில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 100 பேருக்கு, பாதிப்பேருக்கு இஞ்சிப்பொடி 250 மில்லிகிராமும் மீதிப்பேருக்கு சுமாட்ரிப்டான் என்ற மாத்திரையும் கொடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம் தெரிந்தது. ஒரு சின்ன ஆய்வை வைத்துக்கொண்டு கொடி பிடிக்கக் கூடாதுதான். ஆனால் சுக்குக் காப்பியால் யாரும் கெட்டுப்போகப் போவதில்லை.

நெற்றியில் சுக்குப் பத்து? உரைகல்லில் உரைத்துப் போட்டால் எரியும். டென்ஷன் தலைவலிக்கு அந்த எரிச்சல் இதம். ஒற்றைத் தலைவலியில், தலையணை பட்டாலே வலிக்கிற நேரத்தில், எனக்கு அது கொடுமை. ஊதுபத்தி, சென்ட் வாசனையும் அப்படியே. ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு நோட்டில் தேதி, நேரம், முந்தின ராத்திரித் தூக்கம், சாப்பாடு, வெயில் எல்லாம் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். எனக்கு மூன்று எதிரிகள். பட்டினி, தூக்கம் கெடுவது, மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது. இத்தனைக்கும் மேல் மாதத்துக்கு நாலைந்து தடவை வந்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. வந்தபின் போடும் மாத்திரையையும், வலி முற்றும் முன்னால் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும்.

மற்ற சில்லறைத் தலைவலிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் சின்னதாக இருந்தால் நெற்றியில் வரும் வலி, கழற்றி ஒரு மணி நேரத்தில் போகும். அளவு பார்த்து வாங்குங்கள். தினம் ஐந்து டீ குடிக்கிறவர்கள், டீ வைக்காத வீட்டுக்கு லீவில் போனால் ஒரே நாளில் தலைவலி வரும், ஒரு வாரம் வரைகூட இருக்கும்; டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் வழி. "எனக்கு சைனஸ்" என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி. அதிலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும். காய்ச்சல், மஞ்சள் சளி, கன்னத்தில் கனம் எல்லாம் இருந்தால் அது சைனஸ். அதற்கு நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது அடைப்புக்கு நல்ல இதம் தரும். பானையைக் கட்டில் மேல் வைக்காமல் தரையில் வையுங்கள். கவிழ்ந்து தொடை வெந்தவர்கள் உண்டு. இன்னொன்று கொத்துத் தலைவலி. ஒரு கண்ணைச் சுற்றிக் குடைந்தெடுக்கும், கண் சிவக்கும். 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம், தினம் அதே நேரத்துக்கு வாரக்கணக்கில் வரும். ஆண்களுக்கே அதிகம். இதற்குப் பத்தும் தைலமும் போதாது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பார்கள், பலருக்கு அதிலேயே நிற்கும்.

நம் படிப்புக்கென்றே உள்ள தலைவலிகளைப் பற்றி இனி. ஆல்ஃபிரெட் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இருப்பது நைட்ரோகிளிசரின். ரத்தக் குழாய்களை விரித்துவிடும் சரக்கு அது. அதைத் தொட்டு வேலை செய்கிற தொழிலாளிகளுக்குத் திங்கட்கிழமை தலை பிளக்கும். வாரம் போகப் போக உடம்பு பழகி வலி குறையும். ஞாயிறு லீவில் பழக்கம் விட்டுப்போய், திங்களன்று மறுபடியும்! நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி வந்தபோது டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து அதே நைட்ரோகிளிசரின். விதி எப்படி விளையாடுகிறது பாருங்கள்.

நமக்கு டைனமைட் இல்லை. ஜி.ஐ. ஷீட் இருக்கிறது. துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால், அந்த வெள்ளைப் புகையை இழுத்து, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் தலைவலியும் வரும். "பால் குடிச்சா போயிடும்" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். பால் நல்லதுதான், ஆனால் புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு! பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமாக வைத்துச் செய்வதுதான் மருந்து.

எங்கள் அப்பா கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் கியூப்போலா உலைக்குக் கரி போடுகிறவர். பல வருடமாகத் தலைவலி. "ஒண்ணுமில்ல பாப்பா, சூடு" என்பார். இரண்டாம் வருடம் கியூப்போலா படம் போட்டுப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கோக் கரி எரிகிற உலையிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி. அப்பாவிடம் விசாரித்தேன். மழை நாளில்தான் அதிகம் என்றார். சாரல் அடிக்காமல் தார்ப்பாய் இறக்கிக் கட்டிவிடுவார்களாம். அன்றைக்கு ஷிப்டில் எல்லோருக்கும் வலிக்குமாம். வெளியே வந்து ஒரு மணி நேரம் நின்றால் இறங்குமாம். சூடாக இருந்தால் கோடையில் அல்லவா அதிகம் வர வேண்டும்?

அப்பா மேஸ்திரியிடம் சொன்னார். "முப்பது வருஷமா இல்லாத விஷம் உங்க புள்ளை படிச்சதும் வந்துடுச்சாக்கும்" என்று சிரித்தார்களாம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அப்பாதான் ஒருவரைத் தோளில் போட்டு வெளியே தூக்கி வந்திருக்கிறார். இருவரும் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தார்கள். அடுத்த வாரம் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது, தார்ப்பாய் போனது. வாயுவைக் காட்டும் அலாரம் வைக்கவில்லை இன்னும். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

காற்று சரியான பிறகும் அப்பாவுக்கு வலி நிற்கவில்லை. இது அடுத்த கதை. இத்தனை வருடமும் அவர் தினம் டீயோடு பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். லீவு நாளிலும் வலித்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மாசத்துக்கு எத்தனை நாள் மாத்திரை?" என்பதுதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். டாக்டர் நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் வீடு வீடாக இல்லை. அப்பா யாரிடமும் பேசவில்லை, தட்டை ஒருமுறை தள்ளிவிட்டார். அந்தப் பத்து நாளும் அம்மிச்சியின் ராஜ்யம். நெற்றிக்குப் பத்து, பிடரிக்கு வெந்நீர் ஒத்தடம், வேளைக்குக் கஞ்சி, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்தல். டாக்டரும் "செய்யட்டும், நல்லது" என்றார். இப்போது அப்பாவுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருவதோடு சரி.

வீட்டு வைத்தியத்துக்குக் காத்திருக்கக் கூடாத தலைவலிகளையும் எழுதிவிட வேண்டும். இடி விழுந்தது போல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்வது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வது, வலிப்பு, வண்டியில் விழுந்து தலையில் அடிபட்ட பின் வரும் வலி, விடியற்காலையில் வாந்தியோடு எழுப்பி நாளுக்கு நாள் கூடுவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. இவற்றுக்குச் சுக்கும் வேண்டாம், நொச்சியும் வேண்டாம், யாரிடமும் பர்மிஷனும் கேட்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஹாஸ்டல்காரர்களுக்கு ஒரு தகவல். ஃபிட்டிங் ஷாப்புக்குப் பின்னால் வேலி ஓரமாக நிற்பது நொச்சிதான். ஐந்தைந்து இலையாக, அடிப்பக்கம் வெளிறி இருக்கும். வேண்டியவர்கள் பறித்துக்கொள்ளலாம். போன செமஸ்டர் யாரோ வேது பிடிக்கிறேன் என்று ஒரு கிளையையே முறித்துவிட்டார்கள். இலை மட்டும் போதுமப்பா!